குளிர்காலத்தில் பூக்கும் ஐரிஸ்: எந்த ஊரிலும் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மெல்பர்னில் இந்த வீட்டுக்குக் குடிவந்த ஆண்டே ஒரு தூர் அல்ஜீரிய ஐரிஸ் வாங்கி, தோட்டத்திலேயே நல்ல மண்ணாகப் பார்த்து நட்டேன். தொழு உரம் இட்டேன். கோடையில் தக்காளிக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் அதற்கும் ஒரு வாளி ஊற்றினேன். மூன்று ஆண்டுகள் கோரைப்புல் போல இலை தழைத்தது. ஒரு மொட்டுகூட வரவில்லை.

நட்ட அன்று தூரிலிருந்து ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்தது. எறிய மனம் வராமல் அதை வீட்டின் வடக்குச் சுவரோரம், சிமெண்டுக் காரை உதிர்ந்து கிடந்த இடத்தில் செருகி வைத்தேன். கூரையின் இறவாரத்துக்கு அடியில் என்பதால் அங்கே மழை சரியாக விழாது. குழாயும் எட்டாது. மூன்றாம் ஆண்டு ஜூன் மாதத்தில் (இங்கே அது குளிர்காலம்), குப்பைத் தொட்டியை நகர்த்தப் போனபோது பார்த்தால் அந்தத் துண்டில் ஏழு பூக்கள்.

இந்த வழிகாட்டியில் சொல்லப்போவது எல்லாம் அந்தச் சுவரோரத்திலிருந்து தொடங்குகிறது. குளிர்காலத்தில் பூக்கும் ஐரிஸுக்குக் குளிர்காலத்தில் நாம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அதன் கோடை எப்படிக் கழிந்தது என்பதை வைத்துத்தான் பூ வருவதும் வராததும் முடிவாகிறது. எந்த நாட்டில் இருந்தாலும் நடுவதற்கு முன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என் வீட்டில் கோடை முழுவதும் காய்ந்து கிடக்கும் இடம் எது?

பிறந்த மண்ணில் அதன் ஆண்டு எப்படிப் போகிறது

அல்ஜீரிய ஐரிஸின் தாவரவியல் பெயர் ஐரிஸ் உங்குவிகுலாரிஸ். பிரெஞ்சுத் தாவரவியலாளர் புவாரே, வட ஆப்பிரிக்காவில் பயணம் செய்து திரும்பிய பின் 1789இல் வைத்த பெயர் அது. லத்தீன் மொழியில் நகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இதழின் அடிப்பகுதி ஒடுங்கி இருப்பதைச் சொல்கிறது. அல்ஜீரியா, துனீசியா, கிரீஸ், துருக்கி, சிரியாவின் மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் கல்லும் புதரும் நிறைந்த சரிவுகளில் தானாகவே வளர்கிறது.

அல்ஜியர்ஸ் நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனிலும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் லண்டனில் அந்த மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் பரவி விழுகிறது. அல்ஜியர்ஸில் பெரும்பகுதி அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை என்று சொல்ல ஏதுமில்லை. அந்த மூன்று மாதங்களும் செடி பசுமையாகவே நிற்கும்; ஆனால் வளராது. மண்ணின் மேற்பரப்பை ஒட்டிக் கிடக்கும் கிழங்கு வெயிலில் காயும். இலையுதிர்காலத்தின் முதல் மழையில் புது வேர் விடும். அதைத் தொடர்ந்து மொட்டுகள் கிளம்பும்.

இந்தச் சுழற்சியில் எந்தப் பகுதி உங்கள் ஊரில் இல்லையோ, அதை மட்டும் நீங்கள் ஏற்படுத்திக் கொடுத்தால் போதும்.

இன்னொரு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பூவுக்குக் காம்பு என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. காம்பு என்று நாம் பிடிக்கும் அந்தப் பதினைந்து, இருபது சென்டிமீட்டர் நீளமும் பூவின் அடிக்குழாய்தான். சூலகம் மண்மட்டத்தில், இலைகளின் நடுவே மறைந்திருக்கிறது. மேலே உறைபனியில் பூ கருகினாலும் விதைப்பகுதி கீழே பத்திரமாக இருக்கும். பூப் பறிக்கும் முறையும் இதனால்தான் மாறுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் ஊருக்கு எந்த ஐரிஸ்

குளிர்காலத்தில் பூக்கும் ஐரிஸ் என்றால் ஒரே செடி என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒன்று, இஞ்சி, மஞ்சளைப் போல மண்ணில் கிடையாக ஓடும் கிழங்கு உடையது. ஆண்டு முழுவதும் இலை இருக்கும். மற்றொன்று, சின்ன வெங்காயத்தைப் போன்ற குமிழ் உடையது. பூத்து முடித்து, இலை காய்ந்து, மண்ணுக்குள் உறங்கிவிடும்.

கிழங்கு வகையில் முதலாவது நான் மேலே சொன்ன அல்ஜீரிய ஐரிஸ். குளிர்கால இரவு மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அடிக்கடி போகாத ஊர்களுக்கு இதுதான். மெல்பர்ன், அடிலெய்ட், பெர்த், கலிஃபோர்னியாவின் கடலோரம், இங்கிலாந்தின் தெற்கு, பிரான்ஸின் பெரும்பகுதி எல்லாம் இதில் அடங்கும். இரண்டு ரகங்களை மனதார பரிந்துரைப்பேன். 'மேரி பார்னார்ட்' 1937இல் அல்ஜீரியாவிலிருந்து சேகரிக்கப்பட்டது, அடர்ந்த ஊதா. 'வால்ட்டர் பட்' வெளிறிய வெள்ளி கலந்த நீலம். சீக்கிரமே பூக்கும், மணமும் அதிகம். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் மணத்துக்காக 'வால்ட்டர் பட்' வாங்குங்கள்.

இரண்டாவது ஐரிஸ் லாசிக்கா. துருக்கியின் வடகிழக்கிலும் ஜார்ஜியாவிலும் கருங்கடலை ஒட்டிய மலைச்சரிவுகளில் வளர்வது. அகன்ற, விசிறி போல விரியும் இலைகள். ஈரத்தையும் அரைநிழலையும் பொறுத்துக்கொள்ளும். பூ சற்றுத் தாமதமாக, குளிர்காலத்தின் கடைசியில் வரும். மழை விடாத ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வரம். ஆனால் இதன் பெயரே பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

குமிழ் வகையில் முக்கியமானது ஐரிஸ் ரெட்டிகுலாட்டாவும் அதன் உறவினர்களும். குமிழைச் சுற்றி வலை பின்னியது போன்ற தோல் இருப்பதால் அந்தப் பெயர். காக்கசஸ், துருக்கி, ஈராக், ஈரான் மலைகளில் பனி உருகும்போது பூப்பவை. உயரம் 10 முதல் 15 சென்டிமீட்டர்தான். கடுங்குளிரைத் தாங்கும்; சில வாரக் குளிர் இல்லாமல் பூக்கவே பூக்காது. டொராண்டோ, சூரிச், ஓஸ்லோ போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு வெளியில் நட இதுவே நம்பகமான வழி. 'ஹார்மனி' வான நீலம், 'ஜார்ஜ்' நாவல் பழ நிறம். 'கேத்தரின் ஹாட்ஜ்கின்' வெளிர் நீலத்தில் மஞ்சளும் பச்சையும் கீற்றுகளாக ஓடுவது; இவற்றில் மிகவும் திடமானதும் அதுவே. ஆண்டுக்கு ஆண்டு பெருகும்.

மஞ்சள் நிறத்தில் டான்ஃபோர்டியே என்ற ஒன்றும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். முதல் ஆண்டு அற்புதமாகப் பூக்கும். பிறகு அந்தக் குமிழ் சிதறி, அரிசி போன்ற சிறு குமிழ்களாகிவிடும். அவை பெரிதாகிப் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டால் சிதறுவது ஓரளவு குறையும்.

இரண்டாம் படி: இடம்

அல்ஜீரிய ஐரிஸுக்கு வடகோளத்தில் தெற்கு நோக்கிய சுவரின் அடி, தென்கோளத்தில் வடக்கு நோக்கிய சுவரின் அடி. இதற்கு இணையான இடம் வேறில்லை. பகலில் சுவர் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தருகிறது. கூரை மழையைத் தடுக்கிறது. சுவரின் சாந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைக்கிறது. வேறு எந்தச் செடியும் பிழைக்காது என்று நீங்கள் கைவிட்ட கல்லும் மணலும் கலந்த துண்டு நிலம் ஒன்று இருக்குமே, அங்கே போய்ப் பாருங்கள்.

இடத்தைத் தேர்ந்ததும் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய தண்ணீர் சில மணி நேரத்துக்குப் பிறகும் தேங்கி நின்றால் அது வடிகால் இல்லாத நிலம். அங்கே நட வேண்டுமென்றால் ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி, அதன் மேல் நடுங்கள்.

கதவுக்கு அருகில், நடந்து போகும் வழியோரமாக இருப்பது இன்னும் நல்லது. குளிர்காலத்தில் யாரும் தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போய் நிற்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: மண்ணும் நடவும்

களிமண் என்றால் மூன்றில் ஒரு பங்கு பருமணலோ பொடிச் சரளையோ கலக்க வேண்டும். புளிப்பு மண் என்றால் குழிக்கு ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூள். தொழு உரம் வேண்டாம். கோழி எரு அறவே வேண்டாம். தழைச்சத்து கிடைத்தால் இந்தச் செடி இலையிலேயே காலம் கழித்துவிடும். விறகுச் சாம்பல் இருந்தால் ஒரு பிடி தூவலாம். அதில் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) இருக்கிறது, மண்ணின் புளிப்பையும் அது குறைக்கிறது.

நடும் பருவம், கோடை முடிந்து முதல் மழை விழும் நேரம். வடகோளத்தில் செப்டம்பர், அக்டோபர். தென்கோளத்தில் மார்ச், ஏப்ரல். கிழங்கின் அடியில் வெள்ளை நிறத்தில் புது வேர் முனைகள் எட்டிப் பார்க்கும். அதுதான் செடி தயாராக இருப்பதன் அடையாளம்.

கிழங்கு மண்ணுக்கு அடியில் விரல் நுனி அளவு புதைந்தால் போதும். ஆழமாகப் புதைத்தால் வெயில் படாது, அழுகவும் செய்யும். தூருக்குத் தூர் 30 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இலைகளைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டால், வேர் பிடிக்கும்வரை காற்றில் ஆடிச் செடி அசையாது. கட்டைவிரலால் சுற்றிலும் மண்ணை நன்றாக அழுத்தி, ஒரு முறை தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். அந்த முதல் குளிர்காலத்தில் மட்டும் மண் காயக் காயத் தண்ணீர் வேண்டும். வரும் கோடையிலும், இலை சுருளும் அளவுக்கு வாடினால் மாதம் ஒரு முறை ஊற்றலாம். அதற்கடுத்த கோடையிலிருந்து வாளியை எடுக்காதீர்கள்.

முதல் ஆண்டு பூவை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் ஆண்டு ஒன்றிரண்டு வரலாம். மூன்றாம் ஆண்டிலிருந்துதான் தூர் தன் இயல்புக்கு வரும். ஒரு பூ இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் நிற்காது. ஆனால் முதிர்ந்த தூர் குளிர்காலம் முழுவதும் அலை அலையாகப் பூத்துக்கொண்டே இருக்கும். பூக்கத் தொடங்கிய தூரை இடம் மாற்றாதீர்கள். இதற்கு இடமாற்றம் பிடிக்காது. கோபித்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் பூக்காமல் இருந்துவிடும்.

மத்தியதரைக் கடல் காலநிலை: அடிலெய்ட், பெர்த், கலிஃபோர்னியா

உங்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. உங்கள் ஊர்க் கோடையே வேலையைச் செய்துவிடும். ஒரே ஆபத்து, புல்தரைக்காகக் கோடையில் தானாக இயங்கும் தண்ணீர்த் தெளிப்பான். அதன் வீச்சுக்கு வெளியே நடுங்கள். மெல்பர்னில் மழை ஆண்டு முழுவதும் விட்டு விட்டு வருவதால் இறவாரத்தின் அடி தேவைப்படுகிறது. இங்கே மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை பூ.

சிட்னி, பிரிஸ்பேன் வாசிகள் கவனமாக இருக்க வேண்டும். அங்கே கோடையிலும் மழையும் புழுக்கமும் உண்டு. மேடு கட்டுவது, சுவரோரம் நடுவது இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அதுவும் முடியாவிட்டால் 30 சென்டிமீட்டர் வாயுள்ள மண்தொட்டியில் நட்டு, கோடை வந்ததும் தொட்டியை மழை படாத, வெயில் படும் திண்ணைக்கு நகர்த்திவிடுங்கள். தொட்டிக்குள் வேர் நெருங்கி இருப்பது இந்தச் செடிக்கு ஒரு குறையே இல்லை.

ஈரமான மிதக் குளிர்: இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்ஸின் வடக்கு

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கத்து வீடுகளின் முன்புறம் செங்கல் சுவரும் அதன் கீழே ஒரு குறுகிய மண்பட்டையும் இருக்கும். அந்தச் சுவர் தெற்கு பார்த்ததாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அங்கே நட்டால் நவம்பர் தொடங்கி மார்ச் வரை, குளிர் தணியும் ஒவ்வொரு வாரத்திலும் பூ வரும். கடும் உறைபனி விழும் இரவில் திறந்திருக்கும் பூக்கள் கருகும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கீழே அடுத்த மொட்டுகள் காத்திருக்கின்றன.

சுவர் வடக்கு பார்த்ததாகவோ மண் களிமண்ணாகவோ இருந்தால் லாசிக்காவை நடுங்கள். மரநிழலிலும் அது பூக்கும். வெயிலுக்காக ஏங்கும் செடியை நிழலில் வைத்து வருத்துவதைவிட, நிழலைப் பொறுப்பதைத் தேடி வைப்பது செடிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

கடுங்குளிர்: டொராண்டோ, மொன்றியல், சூரிச், ஓஸ்லோ

டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் அக்கா, நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அதே செடி தனக்கும் வேண்டும் என்று கேட்டார். "அக்கா, அது உங்கள் ஊர் ஜனவரியைத் தாண்டாது. குமிழ் வாங்கி வையுங்கள்" என்றேன். அவருக்குத் தொலைபேசியில் படிப்படியாகச் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

செப்டம்பரில் கடைக்கு வந்ததுமே குமிழ்களை வாங்குங்கள். கையில் எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். வலை போன்ற வெளித்தோலை ஓர் ஓரத்தில் விலக்கி உள்ளே பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நல்ல குமிழ். பேனா மை சிந்தியது போலக் கறுப்புத் திட்டுகளோ கோடுகளோ தெரிந்தால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். அது மைப்புள்ளி நோய் என்ற பூஞ்சை நோய். ஒரு குமிழில் இருந்தால் பாத்தி முழுவதும் பரவும். மருந்து அடித்துக் காப்பாற்ற முடியாது.

அக்டோபரில், மண் உறைவதற்கு முன், வடிகால் உள்ள வெயில் படும் இடத்தில் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். குமிழுக்குக் குமிழ் மூன்று விரல்கடை. பத்துப் பதினைந்தாகச் சேர்த்து நடுங்கள். ஒற்றைப் பூ கண்ணில் படாது. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அணில் தோண்டாமல் விடாது. நட்ட இடத்தின் மேல் கம்பிவலையை விரித்து, வசந்தத்தில் எடுத்துவிடுங்கள். பனி உருகும் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும், சில நேரம் மிச்சமிருக்கும் பனியைத் துளைத்துக்கொண்டே பூக்கும்.

ஜனவரியிலேயே பூ வேண்டும் என்றால் வீட்டுக்குள் பூக்க வைக்கலாம்.

அக்டோபர் தொடக்கத்தில் ஓர் அகலமான ஆழமில்லாத தொட்டியில் பாதி தொட்டி மண்ணும் பாதி பருமணலும் கலந்து நிரப்புங்கள். குமிழ்களை ஒன்றையொன்று தொடாமல் நெருக்கமாக வைத்து, மேலே நான்கைந்து சென்டிமீட்டர் மண் போட்டு மூடுங்கள். ஒரு முறை தண்ணீர் விட்டு, 4 முதல் 9 டிகிரி வரை இருக்கும் இருட்டான இடத்தில் 12 முதல் 14 வாரங்கள் வையுங்கள். கார் நிறுத்தும், வெப்பமூட்டாத கொட்டகை பொருத்தமானது. வெளியே மிகக் கடுமையாகக் குளிரும் இரவுகளில் தொட்டியைப் பழைய கம்பளியால் சுற்றிவிடுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டச் சொட்ட நனைந்திருக்கக் கூடாது. இந்தக் காலத்தில்தான் குமிழ் வேர் விடுகிறது.

முளை இரண்டு விரல்கடை உயர்ந்ததும் வெளிச்சமான, வெப்பம் குறைந்த ஜன்னலோரத்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று வாரங்களில் பூ. சூடான வரவேற்பறையில் வைத்தால் இரண்டே நாளில் தளர்ந்துவிடும். இரவில் குளிர்ந்த அறைக்கு மாற்றினால் ஒரு வாரம்வரை பார்க்கலாம்.

பூ முடிந்த பின்தான் இலை நீளும். நாற்கோணமாக, முழ நீளத்துக்கு வந்து அழகில்லாமல் சாயும். வெட்டாதீர்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த இலைகள்தான் சேர்க்கின்றன. தக்காளிக்குப் போடும் சாம்பல் சத்து மிகுந்த திரவ உரத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாதி அளவில் கொடுங்கள். இலை தானாக மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். இங்கும் அதே விதிதான்: குமிழ் கோடை முழுவதும் காய்ந்து கிடக்க வேண்டும். கோடையில் தண்ணீர் விடும் வருடாந்திரப் பூச்செடிகளுக்கு நடுவே இவற்றை நட்டதால்தான் பல தோட்டங்களில் இரண்டாம் ஆண்டு ஒன்றுமே முளைப்பதில்லை.

அல்ஜீரிய ஐரிஸையே வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை என்றால் தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்தில் உறையாத கண்ணாடி முகப்பு அறைக்குள் எடுத்து வையுங்கள். அக்கா இப்போது அப்படித்தான் ஒன்றை வைத்திருக்கிறார்.

மலைநாடு: ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுகிறது; குளிருக்குக் குறைவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஜூன் முதல் மழை, அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழை. மண்ணும் தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண். அல்ஜீரிய ஐரிஸ் கேட்பதற்கு இரண்டிலும் நேர் எதிர்.

இங்கேதான் லாசிக்காவின் பிறந்த ஊரை நினைத்துப் பாருங்கள். அது வளரும் ரிசே கடற்கரைதான் துருக்கியின் தேயிலை நாடு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பகுதி. தேயிலை விளையும் மண்ணிலும் மழையிலும் பழகிய ஓர் ஐரிஸ் உண்டென்றால், நீலகிரியிலும் நுவரெலியாவிலும் முதலில் முயன்று பார்க்க வேண்டியது அதைத்தான். சரிவான நிலத்தில், காலை வெயில் படும் இடத்தில், மேட்டின் மேல் நடுங்கள். அல்ஜீரிய ஐரிஸ் வேண்டுமென்றால் தொட்டியில், சுண்ணாம்பு கலந்த மணல் மண்ணில் நட்டு, ஜூன் முதல் செப்டம்பர் வரை கண்ணாடிக் கூரைக்கு அடியில் தண்ணீரில்லாமல் வையுங்கள்.

செடியோ விதையோ வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவர வேண்டாம். மண்ணோடு வரும் பூச்சியும் பூஞ்சையும் ஒரு தோட்டத்தோடு நிற்காது. உரிய சான்றிதழோடு இறக்குமதி செய்யும் நாற்றங்கால்களிடம் கேளுங்கள்.

சமவெளி வெப்பம்: சென்னை, கொழும்பு, சிங்கப்பூர்

நேராகவே சொல்லிவிடுகிறேன்: வெளியில் வளர்க்க முடியாது. இரவு 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஊரில் இந்தச் செடிகளுக்குக் குளிர்காலம் வந்ததே தெரியாது. ஒரே ஒரு முறை பூவைப் பார்க்க விரும்பினால் ரெட்டிகுலாட்டா குமிழ்களைச் சிறு தொட்டியில் நட்டு, தொட்டியோடு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 13 வாரங்கள் வைத்து, பிறகு ஏசி அறையின் வெளிச்சமான ஜன்னலில் வைக்கலாம். அதே பெட்டியில் ஆப்பிள், வாழைப்பழம் வைக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். நடாத குமிழ்களை வைத்திருந்தால் பெயர் எழுதி ஒட்டுங்கள். பார்வைக்குச் சின்ன வெங்காயம் போலவே இருக்கும். ஐரிஸ் கிழங்கும் குமிழும் வயிற்றுக்கு ஆகாதவை, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குழந்தைகள், நாய், பூனை உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் தேவை.

பூத்த பிறகு அந்தக் குமிழ் மறுபடி உதவாது. சமவெளியில் நிலையாக ஓர் ஐரிஸ் வேண்டும் என்றால் ஐரிஸ் டொமஸ்டிகாவை வளர்க்கலாம். செம்மஞ்சள் இதழில் புள்ளிகள் உள்ள அது, 2005இல்தான் ஐரிஸ் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. குளிர்காலப் பூ அல்ல, ஆனால் வெப்பத்தில் வாடாது.

நான்காம் படி: ஆண்டுப் பராமரிப்பு

கோடையின் கடைசி வாரங்களில், மழைக்கு முன், தூரின் அருகில் உட்காருங்கள். காய்ந்த இலைகளை விரல்களால் கோதி இழுத்து எடுங்கள். தலைமுடியில் சிக்கெடுப்பது போல, அடியிலிருந்து. பழைய இலைக்குப்பைதான் நத்தைகளின் வீடு. பிறகு பச்சை இலைகளின் நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். பூக்கள் இலைகளைவிடக் குட்டையாக இருப்பதால், வெட்டாவிட்டால் பூத்ததே தெரியாமல் போகும். உறைபனி கடுமையாக விழும் ஊரில் மட்டும் வெட்ட வேண்டாம். அங்கே இலைகள் மொட்டுக்குப் போர்வை.

நத்தையும் ஓடில்லாத நத்தையும் இந்தச் செடியின் பெரும் பகை. மொட்டு மண்ணிலிருந்து கிளம்பும்போதே நுனியைத் தின்றுவிடும். பூ திறக்கும்போது இதழில் ஓட்டை. மழை விட்ட இரவில் கைவிளக்கோடு போய்ப் பொறுக்கி எடுப்பதே சிறந்தது. மருந்து வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரும்பு பாஸ்பேட் குருணையை வையுங்கள். மெட்டால்டிஹைட் கலந்தது நாய்க்கு நஞ்சு.

இலைகளில் வெளிர்மஞ்சள் கீற்றும், பூவில் திட்டுத் திட்டாக நிறம் சிதறியும் தெரிந்தால் அது வைரஸ். அசுவினிப் பூச்சி பரப்புகிறது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்தத் தூரைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள்.

தூர் நடுவில் காய்ந்து வெறுமையாகும்போது மட்டும் பிரியுங்கள். நடவுக்குச் சொன்ன அதே பருவத்தில், முள்கரண்டியால் தோண்டி எடுத்து, கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது நான்கைந்து இலைக்கொத்துகள் இருக்க வேண்டும். ஒற்றைத் துண்டு பிழைத்தாலும் தேறி வர நெடுநாள் ஆகும்.

பூப் பறிப்பது

தோட்டத்தில் பூத்து நிற்பதைப் பார்ப்பதைவிட எனக்குப் பிரியமானது இது. முந்தைய நாள் மாலை, இன்னும் திறக்காத மொட்டைத் தேடுங்கள். பென்சில் பருமனில், நுனியில் ஊதா தெரிய, ஓலைச்சுருள் போலச் சுற்றிக்கொண்டு நிற்கும். கத்தரிக்கோல் வேண்டாம். அடிக்குழாயை எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே பிடித்து, நேர் மேலாக மெதுவாக இழுங்கள். மெல்லிய சத்தத்தோடு கழன்று வரும். ஒடுங்கிய வாயுள்ள சீசாவில் தண்ணீர் விட்டு, அடுப்பங்கரை மேசையில் வையுங்கள்.

சூடான அறையில் அது திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் சுருள் தளரும். பிறகு ஓர் இதழின் நுனி விடுபட்டு வெளியே சாயும். அதன் நடுவில் மஞ்சள் கோடும், இருபுறமும் வெள்ளையில் ஊதா நரம்புகளும் தெரியும். அடுத்தடுத்து மற்ற இரண்டும் சாயும். உள்ளிருக்கும் மூன்று இதழ்கள் நிமிர்ந்து நிற்கும். கண்ணை அருகில் கொண்டுபோனால் சூல்தண்டின் கிளைகளில் பொன்தூள் தூவியது போல நுண்ணிய புள்ளிகள் இருப்பது தெரியும். மணம் அப்போதுதான் வரத் தொடங்கும்.

ஜூலை மாதத்தில் நான் வாரத்துக்கு மூன்று மொட்டுகள் எடுக்கிறேன். தோட்டத்து மண்ணில் நட்ட அந்தப் பழைய தூரையும் இப்போது பிரித்துச் சுவரோரத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். இரண்டு கோடை காய்ந்துவிட்டது. இந்த வாரம் அதன் அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தபோது, இலைகளுக்கு நடுவே கூர்மையாக இரண்டு முனைகள் கையில் பட்டன.